இங்ஙனதான்

கடலும் உப்பு, காற்றும் உப்பு, சித்திரை பிறந்துவிட்டால் மனிதர் முதுகிலும் உப்புப் பூத்துவிடுகிற தூத்துக்குடியில், ஒரு மத்தியானம் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பாட்டைப் பாடினார்கள். சரியாகச் சொன்னால் நான்கு பேர் பாடினார்கள், ஐந்தாவது ஆள் ஒரே ஒரு சொல்லைச் சொன்னான், அந்த ஐந்தாவது ஆள் நான்தான். பாட்டு உங்களுக்குத் தெரியும். போன கோடையில் உங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்கு அடுத்தபடியாக அதிகம் சத்தம் போட்டது அதுதான். "கண்ண மூடி எண்ணப் போறேன், வெயிலே ஓடி ஒளிஞ்சுக்கோ, எங்ஙன இருக்க, எங்ஙன இருக்க?" என்று நாலு குரல் கேட்கும், அப்புறம் பாட்டு ஒரு மூச்சு நேரம் நின்றுவிடும், அந்த மூச்சு நேரத்தில் நீங்கள் பஸ்ஸில் இருந்தாலும் பந்தியில் இருந்தாலும் குளியலறையில் சோப்பு நுரையோடு இருந்தாலும் "இங்ஙனதான்!" என்று கத்தியிருப்பீர்கள். நீங்கள் கத்திய அந்த இடம் என்னுடையது. அது எப்படிக் காலியானது என்று ரீகன் பேட்டிகளில் சொல்வதை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள்.

எங்கள் குழுவின் தலைவனான ரீகன் சொல்வது என்னவென்றால், சூரியன் மறைகிற நேரத்தில் கடற்கரையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றானாம், அலைகள் வந்து மெட்டைக் காதில் சொல்லிவிட்டுப் போனதாம். எங்கள் கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. இதைக்கூட யாரும் அவனிடம் கேட்கவில்லை. உண்மையில் மெட்டு பிறந்தது அவன் அப்பாவின் ஐஸ் கம்பெனியில், கலைமேல் இருந்த ஆசையால் அல்ல, வேர்வையிலிருந்து தப்பிக்கிற ஆசையால். ஊரில் ஏசி இல்லாத ஐந்து பேர் சும்மா உட்கார்ந்து குளிர் வாங்க முடிகிற ஒரே இடம் அதுதான். சும்மா உட்கார்ந்தால் அவன் அப்பா விரட்டுவார், அதனால் பாட்டுக் குழு ஆரம்பித்தோம்.

குழுவுக்கு 'ஐஸ் பாய்ஸ்' என்று ஸ்டைலாகப் பெயர் வைத்து, கோயில் திருவிழாவுக்குத் தட்டி எழுதக் கொடுத்தபோது, எழுதினவர் கடைசி 'ஸ்'ஸுக்கு இடம் பத்தவில்லை என்று 'ஐஸ்பாய்' என்று முடித்துவிட்டார். ஒளிந்து விளையாடுகிற விளையாட்டின் பெயர் எங்கள் தலையில் விழுந்தது. பெயரை மாற்ற வேண்டுமானால் தட்டியை மாற்ற வேண்டும், தட்டியை மாற்றுவதைவிடப் பாட்டை எழுதுவது சுலபம் என்பதால், ஒளிந்து விளையாடுகிற பாட்டு ஒன்றை எழுதினோம். உலகமே ஆடிய பாட்டின் தத்துவ ஆழம் இவ்வளவுதான்.

என்னை எப்படிச் சேர்த்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ரீகன், பேச்சிமுத்து, இரட்டையர்களான டேவிட்டும் டேனியலும் என்று நால்வர்தான் இருந்தார்கள். நால்வரும் கறுப்புச் சட்டை போட்டு வரிசையாக நின்று எடுத்த போட்டோவைப் பார்த்த ரீகனின் அம்மா, "ஏல, நாலு பேரா நிக்காதிய, தூக்க வந்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார். அந்தக் கெட்ட சகுனத்தை அடைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அப்போது வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தது நான். எனக்கு ஆட வராது, உயரமும் இல்லை, பெயரோ இன்ஃபன்ட். குழந்தை ஏசுவின் நினைவாக வைத்தது, முப்பதை நெருங்கும்போதும் கூடவே வருகிறது. எனக்குக் கொடுக்கப்பட்ட வரி ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்கும் நான் தினம் வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஐஸ் கம்பெனியில் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் நீளநீளமான தகரப் பெட்டிகளில் நல்ல தண்ணீரை ஊற்றி இறக்கியிருப்பார்கள், மேலே பலகை போட்டு மூடியிருப்பார்கள், அந்தப் பலகை மேல் நடக்கலாம், நிற்கலாம், ஆடவும் செய்யலாம். அன்றைக்குப் பலகைகளைப் பாதி திறந்துபோட்டுவிட்டு வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ரீகன் நடுவில் நின்றான், பேச்சிமுத்து இடப்பக்கம், இரட்டையர் வலப்பக்கம், எனக்கு இடமில்லாததால் கதவோரம் மூலையில் நின்றேன். பாடினோம். அவ்வளவு நன்றாக அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை. எதிரொலி வரும் என்று காத்திருந்தோம், வரவில்லை. கீழே இறுகிக்கொண்டிருந்த தண்ணீர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் ஐந்து பேருக்கும் பேச்சு வரவில்லை. வீட்டில் குளிர் பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது என்றார்கள், மிளகுப்பால் கொடுத்தார்கள். அதே காலையில் மீன்பிடித் துறைமுகத்தில் வஞ்சிரம் ஏலம் போய்க்கொண்டிருந்தபோது, பெட்டிக்குள் நொறுக்கிப் போட்டிருந்த ஐஸ் உருக உருக, மீன்களுக்கு நடுவிலிருந்து பேச்சிமுத்து பாட ஆரம்பித்தான். ஏலம் விட்டவர் ஒரு நொடி நிறுத்தினார், எந்தப் பெட்டி என்று குனிந்து பார்த்தார், "பாடுத பெட்டிக்குத் தனி விலை" என்று சொல்லிவிட்டு ஏலத்தைத் தொடர்ந்தார். பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்து சர்பத் கடையில் நன்னாரி சர்பத்துக்குள்ளிருந்து ரீகன் கேட்டான், "எங்ஙன இருக்க?" என்று. குடித்துக்கொண்டிருந்தவர் கடைக்காரரைப் பார்த்தார், கடைக்காரர், "புது ஐஸ் அண்ணாச்சி, அப்படித்தான் இருக்கும்" என்றார்.

அதோடு ஊர் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. இரண்டாம் நாளே சர்பத் கடையில் ஆட்கள் குரல் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார்கள்; இரட்டையர் போட்டு ஒன்று, ரீகன் கம்மியாக ஒன்று, பாட்டு இல்லாமல் ஒன்று என்று. கல்யாண வீடுகளில் மேளத்தைக் குறைத்துக்கொண்டு ரோஸ்மில்க் அண்டாவை மண்டபத்தின் நடுவில் வைத்தார்கள். ஐஸ் ஏற்றிக் கடலுக்குப் போன விசைப்படகுக்காரர்கள், நடுக்கடலில் மீன் அறையைத் திறந்தால் கண்ணை மூடி எண்ணச் சொல்லுகிறது, இரண்டு பேர் நிஜமாகவே எண்ணினார்கள் என்று திரும்பி வந்து சொன்னார்கள். சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்து ஒரு துண்டைக் காதில் வைத்துப் பார்த்து, நாக்கிலும் வைத்துப் பார்த்து, குடிக்கலாம், ஆனால் சரணம் சுமார்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். பாடியது யார் என்று மட்டும் ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை, நாங்களும் சொல்ல முடியவில்லை, எங்களுக்குத்தான் பேச்சு வரவில்லையே.

அவரவர் குரல் கரைந்த தண்ணீரைக் குடித்தால் அவரவர் குரல் திரும்பிவிடும் என்பதை முதலில் கண்டுபிடித்தது ரீகன்தான், அதுவும் ஓசியில் சர்பத் குடிக்கப் போய். இரட்டையர்கள் ஒரே கடையில் அவசரத்தில் கிளாஸை மாற்றிக் குடித்துவிட்டார்கள், டேவிட் பேசினால் இன்றைக்கும் அவர்கள் அம்மா டேனியலைத் திட்டுகிறார். பேச்சிமுத்துவின் குரல் முழுவதும் மீன் பெட்டியில்தான் கிடைத்தது, குடித்தான், வேறு வழியில்லை, அவன் காதல் பாட்டுப் பாடும்போது முன்வரிசைக்கு லேசாக வஞ்சிரம் மணக்கும். என்னுடையது மட்டும் எங்கேயும் கேட்கவில்லை. ஊரிலுள்ள சர்பத், பதநீர், கரும்புச்சாறு, மோர் எல்லாவற்றையும் குடித்தேன். வயிறு போனது, குரல் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து சென்னையிலிருந்து போன் வந்தது. பாட்டு வெளியிடுகிற கம்பெனிக்காரர் ஒருவர் ஏதோ ஹோட்டலில் எங்கள் ஊர் மீனோடு வந்த பாட்டைக் கேட்டிருக்கிறார். ரீகன் ஸ்பீக்கரில் போட்டான். "எங்ஙன இருக்க, எங்ஙன இருக்கன்னு கேக்குறீங்கள்ல, அதுக்கப்புறம் ஒரு பதில் வரணுமே? அங்க ஒண்ணுமே இல்லையே? அந்தப் பதில்தாங்க பாட்டோட உசுரு. அதச் சொல்றவர் யாரோ, அவர கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. அவர் இல்லேன்னா வேற ஆள் போட்டுக்கலாம்." என் வாழ்க்கையில் முதல்முறையாக என்னை உசுரு என்று ஒருவர் சொன்னார், நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குகிற சத்தம் வந்தது. பங்குச்சாமியாரிடம் போய் நின்றேன். அவர் என் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "இன்ஃபன்ட் அப்படின்னா லத்தீன்ல பேச்சு வராதவன்னுதாம் அர்த்தம், கவலப்படாத" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

கடைசியில் ரீகனின் அப்பாதான் யோசித்துச் சொன்னார். "மூலைல இருந்த பெட்டி ஐஸா? அது மச்சாது வீட்டுத் துட்டிக்குப் போச்சுல்லா." அந்த வாரம் வெயிலுக்கு ஊரில் சாவு அதிகம், குளிர்பெட்டிகள் எல்லாம் வேறு வேறு வீடுகளில் இருந்தன, லாரி ஓட்டுகிற லியோன் மச்சாதுவின் உடலுக்குப் பழையபடி ஐஸ் கட்டிகளை அடுக்கித்தான் வைத்திருந்தார்கள். அங்கே நடந்ததை அந்தத் தெருவில் எல்லாரும் சாதாரணமாகவே சொன்னார்கள். அவர் மனைவி ஆக்ஸிலியா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என்ன விட்டுட்டு எங்ஙன போனிய, எங்ஙன இருக்கிய?" என்று அழுதிருக்கிறார். ஐஸ் கட்டிக்குள்ளிருந்து, "இங்ஙனதான்" என்று பதில் வந்திருக்கிறது. கூடியிருந்தவர்கள் கொஞ்ச நேரம் அழுகையை நிறுத்தினார்கள். பிறகு மச்சாதுவின் அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, "இப்பவும் உள்ளதச் சொல்ல மாட்டேங்கானே" என்றாராம். அழுகை திரும்பவும் தொடங்கியது.

அடக்கம் முடிந்து மிச்சமிருந்த ஐஸை ஆக்ஸிலியா அக்கா கீழே கொட்டவிடவில்லை, தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டுவிட்டார் என்று தெரிந்து, ரீகனும் நானும் ஒரு மத்தியானம் போனோம். ஸ்கூல் லீவு சமயம், வீடு முழுவதும் தைக்க வந்த யூனிஃபார்ம் துணி, அக்கா தையல் மெஷினிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"அக்கா, அந்த ஐஸுல இருக்குறது இவன் கொரலுக்கா" என்றான் ரீகன்.

"எங்க வீட்டுக்காரரு கொரலு அது."

"இல்லக்கா, சத்தியமா இவன் கொரலுதாம்."

"அப்பம் இவனச் சொல்லச் சொல்லு, கேப்போம்."

நான் முழு மூச்சையும் இழுத்து வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"பாத்தியளா" என்றார் அக்கா, மெஷினை மிதித்துக்கொண்டே. நியாயமான தீர்ப்பு, எனக்கே மறுக்கத் தோன்றவில்லை.

ரீகனுக்குப் போன் வந்து அவன் தெருவுக்குப் போனான், சிக்னல் கிடைக்காமல் தெருக்கோடிக்கும் போனான். மெஷின் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. அக்கா என்னைப் பார்க்காமலேயே பேசினார். "எனக்குத் தெரியாதாடே? அந்த மனுசன் கொரலு கரகரன்னு கெடக்கும். இது பூனக்குட்டி கத்துன மாதிரி இருக்கு. ஆனா சொல்லு அவரு சொல்லு. லாரியில போயிருப்பாரு, எங்ஙன இருக்கியன்னு போன் போட்டா, கோவில்பட்டில இருந்தாலும் சரி, கொச்சில இருந்தாலும் சரி, இங்ஙனதாம்பாரு. டீக்கடைல இருந்தாலும் அதாம், வேற எங்க இருந்தாலும் அதாம். அன்னைக்கும் கேட்டேன். இங்ஙனதான்னாரு. வண்டிய ஓரமா நிறுத்திட்டு நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு இருந்திருக்காரு மனுசன், பாவி, அப்பமாது எடத்தச் சொல்லியிருக்கலாம்லா? நான் ஓடியிருக்க மாட்டனா?"

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன், சத்தமில்லாமல் அழுவதில் அப்போது நான் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன். அக்கா எழுந்து போய் ஃப்ரீஸரைத் திறந்து, ஒரு டிபன் பாக்ஸிலிருந்து ஐஸைத் தட்டிப் பாதிக்கு மேல் ஒரு சில்வர் டம்ளரில் போட்டு என் கையில் கொடுத்தார். "குடி. நீ பாடணும், வயசிருக்கு. எனக்கு என்ன, கேக்குறதுதானே. உருகட்டும், இரி, கொழம்பு கொதிக்கு, பாத்துட்டு வாரேன்."

டம்ளர் கையைச் சுட்டது, குளிர்ச்சியும் அப்படிச் சுடும். சென்னை, மேடை, பாட்டின் உசுரு, எல்லாம் அதற்குள் கிடந்து கரைந்துகொண்டிருந்தது. உதட்டில் வைத்தேன். அப்போது ஐஸில் ஒரு விரிசல் விட்டு, என் குரல், என்னுடைய பூனைக்குட்டிக் குரல், மெதுவாகச் சொன்னது: "இங்ஙனதான்."

அடுக்களையிலிருந்து அக்கா, "ம்" என்றார். கரண்டி சட்டியில் தட்டுகிற சத்தம் கேட்டது. "கைய கழுவுங்க, சோறு ஆயிட்டு" என்றார். பிறகு கரண்டிச் சத்தம் நின்றது. குழம்பு கொதிக்கிற சத்தம் மட்டும் இருந்தது.

நான் எழுந்து போய் டம்ளரை ஃப்ரீஸருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். இதைத் தியாகம் என்று ரீகன் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறான். தியாகமெல்லாம் இல்லை, ஒரு வீட்டில் சாப்பாடு வேளையில் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் புகுந்து புருஷனைக் குடித்துவிட்டு வருவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தவிர எனக்குப் பல் கூச்சமும் உண்டு.

சென்னையில் என்னைப் பார்த்துக் கம்பெனிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ஒரு சொல்லுக்கு வரிசையாக ஆட்களைக் கூப்பிட்டார்கள்; கச்சேரிக்காரர் சொன்னார், ஆலாபனை போலக் குழைந்தது, விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பவர் சொன்னார், சோப்பு விற்பதுபோல இருந்தது, கம்பெனிக்காரரே சொன்னார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அலுத்துப்போய் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு ஒருதரம் ஓடவிட்டார்கள். "எங்ஙன இருக்க, எங்ஙன இருக்க?" என்று கேட்டு பாட்டு நின்றதும், டீ கொண்டுவந்த அம்மா, வாட்ச்மேன், கம்பெனிக்காரர், என்னைத் தவிர அறையிலிருந்த எல்லாரும் ஒன்றாக, "இங்ஙனதான்!" என்று கத்தினார்கள். கத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பாட்டு அப்படியே வெளியானது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதது, அந்தக் கோடை முழுவதும் நான் ஊர் ஊராக மேடையில் நின்று, சரியான இடத்தில் வாயைத் திறந்து, சரியான இடத்தில் மூடினேன் என்பது. குழுவில் எனக்குத்தான் ரசிகைகள் அதிகம். அவர் பேசவே மாட்டார், அவ்வளவு ஆழம் என்று எழுதினார்கள். பேச முடிந்த காலத்தில் என்னை டீ வாங்கிவரக்கூட யாரும் நம்பி அனுப்பியதில்லை. பேட்டி எடுக்கிறவர் என் முன்னால் மைக்கை நீட்டுவார், நான் கீழே பார்ப்பேன், கைதட்டுவார்கள். இரவல் வாங்கிய சட்டையைப் பாராட்டுகிற மாதிரி இருக்கும் எனக்கு, ஆனாலும் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த சித்திரையில் எங்கள் ஊரிலேயே நிகழ்ச்சி வைத்தார்கள். பள்ளி மைதானம், சாயங்காலம், கடற்காற்று வந்துவிட்ட நேரம். அன்றைக்குக் காலையில் ஆக்ஸிலியா அக்கா ரீகனின் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார், "ஒரு துண்டுதாம் மிச்சம். ஃப்ரிட்ஜும் பழசாப் போச்சு, நிக்காது. அவருக்குக் கூட்டம்னா பிடிக்கும், கூட்டிட்டு வாறேன்" என்று. ரீகனின் அம்மா பக்கத்து வீட்டில் சொன்னார், பக்கத்து வீடு தெருவுக்குச் சொன்னது, சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரியும், மேடையில் நின்ற எங்களுக்கு மட்டும் தெரியாது. பெண்கள் பக்கம் முன்வரிசையில் அக்கா மடியில் ஒரு வயர்க்கூடையோடு உட்கார்ந்திருந்தார்.

பாட்டு வந்தது. "எங்ஙன இருக்க, எங்ஙன இருக்க?" என்று நாலு பேரும் கேட்டார்கள், நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன், கூட்டம் கத்தவில்லை. தமிழ்நாடு முழுவதும் கத்திய இடத்தில் எங்கள் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கைக்குழந்தைகளின் வாயைக்கூட யாரோ பொத்தியிருந்தார்கள். ரீகன் திரும்பி என்னைப் பார்த்தான், என்னவோ நான் தப்பு செய்துவிட்டதைப் போல. அக்கா கூடையிலிருந்து துண்டு சுற்றிய டம்ளரை எடுத்து, மூடியைத் திறந்தார்.

"இங்ஙனதான்."

ஒரு வருஷத்துக்குப் பிறகு என் குரலை நான் கேட்டேன். சின்னக் குரல்தான், உச்சரிப்பும் சுமார்தான், வேர்வையிலிருந்து தப்பிக்க வந்த ஒருவன் மூலையில் நின்று சொன்னது. ஆனால் அந்தக் குரலில் நானே இதுவரை கேட்டிராத ஒரு அலுப்பு இருந்தது, நெடுந்தூரம் வண்டி ஓட்டிவந்த அலுப்பு. அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. டம்ளரைப் பார்த்தபடி இருந்தார். பதில் வராமலே அது கரைந்துவிடும்போல இருந்தது.

"ம்" என்று மைக்கில் ஒரு சத்தம் கேட்டது. யார் என்று எல்லாரும் தேடினார்கள், நானும் தேடினேன், நான்தான்.

ரீகன் அன்றைக்கே முடிவு செய்துவிட்டான், அடுத்த பாட்டில் எனக்கு அந்த எழுத்துதானாம், போன பாட்டில் ஒரு சொல், இந்தப் பாட்டில் ஒரு எழுத்து, இப்படியே போனால் ஒருநாள் என்னைப் போட்டோவில் மட்டும் வைத்துக்கொள்வார்கள். எனக்கு வேறு எதுவும் பேச வரவில்லை, இன்றைக்கும் அது ஒன்றுதான் வருகிறது. போதுமானதாகத்தான் இருக்கிறது. அவ்வப்போது மத்தியானத்தில் ஆக்ஸிலியா அக்காவிடமிருந்து போன் வரும். "சாப்பிட்டியாடே?" என்பார். "ம்" என்பேன். துணிக்காரன் ஏமாற்றியதையும் மெஷின் பெல்ட் அறுந்ததையும் சொல்லுவார், ஒவ்வொன்றுக்கும் "ம்" என்பேன். கடைசியில், நான் சொல்ல முடியாது என்று தெரிந்தும், ஒவ்வொரு தடவையும் மறக்காமல் கேட்பார்:

"எங்ஙனடே இருக்க?"